பிரசவ வார்டில் யார் சொல்லும் வலியை நம்புகிறோம்?

கேள்வி: மதுரையில் நர்சிங் படித்து, அரசு மருத்துவமனைப் பிரசவ வார்டில் சில வருடங்கள் வேலை பார்த்தேன். இப்போது அமெரிக்காவில், ஜார்ஜியா மாநிலத்தில் பிரசவ வார்டு நர்ஸ். போன மாதம், குழந்தை பிறந்து இரண்டாம் நாள் இருந்த ஒரு கறுப்பினத் தாய் தலைவலி தாங்க முடியவில்லை என்று சாயங்காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு மூத்த நர்ஸ், "இவங்க எதையும் பெரிசாக்கித்தான் சொல்வாங்க" என்று ஒரு வலி மாத்திரையோடு விட்டுவிட்டார். நான் டியூட்டிக்கு வந்து பிரஷர் பார்த்தால் 168/112. உடனே டாக்டரைக் கூப்பிட்டேன், அந்தத் தாய் பிழைத்துவிட்டார். அன்றிலிருந்து மனசு சரியில்லை. கறுப்பினத் தாய்மார்கள் அதிகமாக இறப்பதற்கு அவர்கள் மரபணு, சாப்பாடு, செக்கப்புக்கு ஒழுங்காக வராததுதான் காரணம் என்று வார்டில் பேசிக்கொள்கிறார்கள். என் கணவரோ, "நாமும் ஒன்றுமில்லாமல்தான் இந்த நாட்டுக்கு வந்தோம், நமக்கு இப்படி நடக்கவில்லையே" என்கிறார். எது உண்மை? விசாவில் வந்து வேலை பார்க்கும் என்னைப் போன்ற ஒரு நர்ஸ் இதில் என்னதான் செய்ய முடியும்?
— வாசகி, ஜார்ஜியா

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அந்தத் தாய் பிழைத்தது அதிர்ஷ்டத்தால் அல்ல. நீங்கள் பிரஷர் பார்த்தீர்கள், பார்த்ததும் டாக்டரைக் கூப்பிட்டீர்கள், அதனால் பிழைத்தார். மேல் அளவு 160 அல்லது கீழ் அளவு 110, இதில் ஒன்றைத் தொட்டாலே அவசரம். கால் மணி நேரத்தில் மறுபடி பார்த்து, இறங்காமல் இருந்தால் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் மருந்து உள்ளே போயிருக்க வேண்டும். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பின் வழிகாட்டுதல் அதுதான். தவறினால் வலிப்பு வரலாம், மூளையில் ரத்தம் கசியலாம். பிள்ளை பிறந்துவிட்டதே, இனி பயமில்லை என்று பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அமெரிக்காவில் கர்ப்பம் சார்ந்த மரணங்களில் பாதிக்கு மேல், பிரசவமாகி ஒரு வாரம் கழிந்த பிறகு, ஒரு வருடம் முடிவதற்குள் நடப்பவை. 36 மாநிலங்களின் ஆய்வுக் குழுக்கள் 2017 முதல் 2019 வரையான இறப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, அவற்றில் 80 சதவீதத்துக்கும் மேல் தடுத்திருக்கக் கூடியவை என்று முடிவு சொன்னார்கள். நீங்கள் தடுத்தது அப்படி ஒன்றை.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2023ஆம் வருடக் கணக்குப்படி, உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைகளுக்கு, கறுப்பினத்தில் 50.3 தாய்மார்கள் இறந்தார்கள். வெள்ளையரில் 14.5. கொரோனா உச்சத்தில் இருந்த 2021இல் இந்த எண்கள் 69.9, 26.6 என்று இருந்தன. தொற்று ஓய்ந்ததும் இரண்டு பக்கமும் இறப்பு குறைந்தது. ஆனால் இரண்டரை மடங்கு சொச்சமாக இருந்த வித்தியாசம் மூன்றரை மடங்காகிவிட்டது. பொதுவான நிலைமை சீரானால் இதுவும் தானாகச் சீராகிவிடும் என்று சொல்பவர்களுக்கு இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

மரபணுதான் காரணம் என்ற பேச்சை நான் ரொம்ப வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், படித்த டாக்டர்கள் வாயிலிருந்தே. அமெரிக்காவில் கறுப்பினத்தவர் என்று ஒரே கட்டத்தில் குறிக்கப்படுகிறவர்களில் பெரும்பாலோரின் முன்னோர் மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவின் எத்தனையோ மக்கள் கூட்டங்களிலிருந்து கடத்திக்கொண்டு வரப்பட்டவர்கள். பலருக்கு ஐரோப்பிய ரத்தமும் கலந்திருக்கிறது. ஆப்பிரிக்கக் கண்டத்துக்குள் இருக்கும் மரபணு வேறுபாடு, மற்ற எல்லாக் கண்டங்களிலும் இருப்பதைவிடப் பெரியது. இவர்கள் எல்லோருக்கும் பொதுவாகப் பிரசவத்தில் சாகிற மரபணு ஒன்று இருக்கிறது என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

"அப்படியானால் அரிவாள் செல் ரத்தசோகை?" என்று கேட்பார்கள். ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல வளைந்துபோகும் பரம்பரை நோய் அது. கேட்கட்டும். அந்த நோய் தோல் நிறத்தின் பின்னால் போகவில்லை, மலேரியாவின் பின்னால் போனது. மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பாற்றும் என்பதால், மலேரியா நெடுங்காலம் ஆண்ட இடங்களில் அந்த மரபணு தங்கிவிட்டது. அதனால்தான் கிரேக்கத்தில் இருக்கிறது, அரேபியாவில் இருக்கிறது. இந்தியாவில் அதை முதன்முதலில் 1952இல் கண்டு எழுதியது நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம்தான். கறுப்பின நோய் என்று அதற்கு முத்திரை குத்திவிட்டதால், இருளர், பணியர் வீட்டுப் பிள்ளைகளுக்கு அது இருக்கலாம் என்ற நினைப்பே பல டாக்டர்களுக்கு வருவதில்லை.

மரபணு வாதத்துக்கு நேரடியான பதிலை 1997இல் ரிச்சர்ட் டேவிட், ஜேம்ஸ் காலின்ஸ் என்ற இரண்டு சிகாகோ டாக்டர்கள் கொடுத்தார்கள். இல்லினாய் மாநிலத்தில் பிறந்த குழந்தைகளின் எடையைத் தாய் எங்கே பிறந்தவர் என்று பிரித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவில் பிறந்த வெள்ளைத் தாய்மார்களின் குழந்தைகளுக்குச் சராசரி எடை 3,446 கிராம். ஆப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்கா வந்த கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகளுக்கு 3,333. அமெரிக்காவிலேயே பிறந்து வளர்ந்த கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகளுக்கு 3,089. மரபணுதான் காரணமென்றால் ஆப்பிரிக்காவிலிருந்து நேராக வந்தவர்களின் குழந்தைகள்தான் எடை குறைந்து பிறந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ். அப்புறம் அதே குழுவினர் அடுத்த தலைமுறையையும் பார்த்தார்கள். ஐரோப்பாவிலிருந்து குடியேறிய வெள்ளைப் பெண்களின் வம்சத்தில் குழந்தை எடை ஏறியிருந்தது. குடியேறிய கறுப்பினப் பெண்களின் வம்சத்தில் இறங்கியிருந்தது. ஒரே தலைமுறையில் மரபணு மாறாது. மாறியது அவர்கள் வாழ்ந்த வாழ்க்கை.

சரி, வறுமை, படிப்பு, சாப்பாடு? இவற்றுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதோடு கதை முடிவதில்லை. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2007 முதல் 2016 வரையான மரணங்களைப் படிப்பு வாரியாகப் பிரித்துப் பார்த்தது. கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களின் இறப்பு விகிதம், அதே படிப்புள்ள வெள்ளைப் பெண்களைவிட ஐந்து மடங்குக்கும் மேல். பள்ளிப் படிப்பையே முடிக்காத வெள்ளைப் பெண்களோடு ஒப்பிட்டாலும் 1.6 மடங்கு. கலிஃபோர்னியாவில் பிறப்புப் பதிவையும் வருமான வரிக் கணக்கையும் இணைத்து ஒரு ஆய்வு வந்தது. அங்கே மிகப் பணக்காரக் கறுப்பினத் தாய்மார்களின் குழந்தைகள், மிக ஏழை வெள்ளைத் தாய்மார்களின் குழந்தைகளைவிட மோசமான நிலையில் பிறந்திருந்தார்கள். சாப்பாட்டைக் குறை சொல்கிறவர்கள் இதற்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

உங்கள் மாநிலத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். ஷாலன் இர்விங் அட்லாண்டாவில் அதே நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் விஞ்ஞானியாக இருந்தவர். முனைவர் பட்டம் பெற்றவர். சமூக நிலைமைகள் உடல்நலத்தை எப்படிக் கெடுக்கின்றன என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. 2017 ஜனவரியில் குழந்தை பெற்றார். அதன் பிறகு பிரஷர் ஏறியது, கால் வீங்கியது, தலைவலி வந்தது. திரும்பத் திரும்ப மருத்துவ உதவியைத் தேடிப் போனார். பிரசவமாகி மூன்று வாரங்களில், 36 வயதில் இறந்தார். அதே வருடம் செப்டம்பரில் டென்னிஸ் வீராங்கனை செரீனா வில்லியம்ஸ் குழந்தை பெற்றார். சிசேரியனுக்கு மறுநாள் மூச்சுத் திணறியது. ஏற்கெனவே நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தவர் என்பதால் என்ன நடக்கிறது என்று அவருக்கே புரிந்துவிட்டது. சி.டி. ஸ்கேன் எடுங்கள், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து போடுங்கள் என்று சொன்னார். வலி மருந்தால் குழம்பிப் பேசுகிறார் என்று நர்ஸ் நினைத்தாராம். அவர் விடாமல் சொல்லிச் சொல்லித்தான் கடைசியில் ஸ்கேன் எடுத்தார்கள். கட்டிகள் இருந்தன. உலகமே அறிந்த ஒருவர் இத்தனை தடவை சொல்ல வேண்டியிருந்தது என்றால், உங்கள் வார்டில் தனியாகப் படுத்திருக்கும் பெண் எத்தனை தடவை சொல்ல வேண்டியிருக்கும்?

"பெரிசாக்கித்தான் சொல்வாங்க" என்ற அந்தப் பேச்சுக்கு நீண்ட வரலாறு உண்டு. நவீன மகளிர் நோய் மருத்துவத்தின் தந்தை என்று சிலை வைத்துக் கொண்டாடப்பட்ட ஜே. மேரியன் சிம்ஸ், 1840களில் அலபாமாவில் அடிமைப் பெண்களின் உடலில், மயக்க மருந்து இல்லாமல், மறுபடி மறுபடி அறுவை செய்து பழகினார். அவர்களில் மூவரின் பெயர் மட்டும் பதிவாகியிருக்கிறது: அனார்ச்சா, லூசி, பெட்ஸி. நியூயார்க் சென்ட்ரல் பார்க்கிலிருந்து அந்தச் சிலையை 2018இல்தான் அகற்றினார்கள். கறுப்பினத்தவருக்கு வலி குறைவாகத்தான் தெரியும் என்ற கதை அடிமை முதலாளிகளுக்கு வசதியாக இருந்தது. ஆனால் அது அவர்களோடு செத்துவிடவில்லை. 2016இல் வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் வெள்ளையின மருத்துவ மாணவர்களையும் பயிற்சி டாக்டர்களையும் கேட்டுப் பார்த்தபோது, பாதிப் பேர் ஏதாவது ஒரு பொய்யை நம்பிக்கொண்டிருந்தார்கள். கறுப்பினத்தவர் தோல் தடிமனானது என்பது அதில் ஒன்று. அப்படி நம்பியவர்கள் வலியைக் குறைத்து மதிப்பிட்டார்கள், சரியான சிகிச்சையையும் சொல்லவில்லை. அவர்களும் நல்ல எண்ணத்தோடு டாக்டராக வந்தவர்கள்தான். உங்கள் மூத்த நர்ஸும் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. பாடத்தோடு பாடமாகக் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்கிறார். ஆனால் விளைவு ஒன்றுதான், அதனால் நல்லவர்தானே என்று விட்டுவிடவும் முடியாது.

வாயால் சொல்வது போதாதென்று, சில பொய்களைக் கருவிக்குள்ளும் கணக்குக்குள்ளும் பதித்து வைத்திருந்தார்கள். உங்கள் வார்டில் தினமும் கை விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 டிசம்பரில் மிச்சிகன் டாக்டர்கள் வெளியிட்ட கணக்கின்படி, மீட்டரில் 92 முதல் 96 வரை காட்டிய கறுப்பின நோயாளிகளில் 11.7 சதவீதம் பேருக்கு உண்மையில் ரத்தத்தில் ஆக்சிஜன் அபாயமாகக் குறைந்திருந்தது. வெள்ளையரில் அது 3.6 சதவீதம். கருமையான தோலில் அந்த ஒளி சரியாக அளப்பதில்லை. இது நம் தோலுக்கும் பொருந்தும் என்பதை மறக்க வேண்டாம். பிரசவ வார்டுக்கே உரிய இன்னொன்று: முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தவருக்கு அடுத்தது சுகப்பிரசவமாக எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடும் கருவி. கறுப்பினப் பெண் என்று தட்டினாலே வாய்ப்பைக் குறைத்துக் காட்டியது. அதை நம்பி எத்தனை பேரை நேராக அறுவைக்கு அனுப்பியிருப்பார்கள்! 2021இல் அந்தக் கட்டத்தை நீக்கினார்கள்.

சிறுநீரகக் கணக்கு இதைவிடக் கொடுமை. ரத்தத்தில் கிரியாட்டினின் என்ற கழிவுப் பொருளின் அளவைப் பார்த்துச் சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று சொல்லும் சூத்திரத்தில், கறுப்பினத்தவர் என்றால் விடையைக் கூட்டிக் காட்டும் ஒரு பெருக்கல் எண் இருந்தது. பழைய சூத்திரத்தில் 1.21. அதாவது சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இன்னும் நன்றாக இருக்கிறது என்று தாள் சொல்லும். மாற்றுச் சிறுநீரகத்துக்கான வரிசையில் பெயர் சேர்வது தள்ளிப்போகும். 2021இல் இனம் பார்க்காத புதுச் சூத்திரம் வந்தது. 2023 முதல், இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருப்பித் தர ஆரம்பித்தார்கள். 14,000 பேருக்கு மேல் அப்படி வரிசையில் முன்னால் வந்தார்கள். வரிசையிலேயே இறந்துபோனவர்களுக்கு யாராலும் எதையும் திருப்பித் தர முடியாது.

இவ்வளவும் மருத்துவமனைக்குள் நடப்பது. வெளியே நடப்பதை இரண்டு விதமாகப் பார்க்கலாம்.

ஒன்று, உடம்பு தேய்வது. ஆர்லைன் ஜெரோனிமஸ் என்ற பொதுநல ஆய்வாளர் 1990களின் தொடக்கத்தில் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். வெள்ளைப் பெண்களில் பதின்பருவத் தாய்மார்களின் குழந்தைகளைவிட இருபதுகளில் பெற்றவர்களின் குழந்தைகள் அதிகம் பிழைத்தன. அது எதிர்பார்த்ததுதான். கறுப்பினப் பெண்களில் வயது கூடக் கூட நிலைமை மோசமாகியது. சந்தேகப் பார்வை, வேலையில் ஒதுக்கல், போலீஸ் பயம், பிள்ளை வீடு திரும்புமா என்ற கவலை, இவற்றோடு வருடக்கணக்கில் வாழும் உடம்பில் அழுத்த ஹார்மோன்கள் ஓய்வதே இல்லை. பிரஷர் சீக்கிரம் வருகிறது, ரத்தக்குழாய்கள் வயதுக்கு முன்பே மூப்படைகின்றன. காற்றும் மழையும் அரித்த பாறையைப் போல உடம்பு தேய்கிறது என்று அவர் விளக்கினார். இது கறுப்பினத்துக்கு மட்டும் நடக்கும் விஷயமும் இல்லை. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிந்தைய ஆறு மாதங்களில், கலிஃபோர்னியாவில் அரபுப் பெயர் கொண்ட தாய்மார்களுக்கு எடை குறைந்த குழந்தைகள் பிறப்பது முந்தைய வருடத்தைவிடக் கூடியது. மற்ற பெண்களுக்குக் கூடவில்லை. பகை சூழ்ந்தால் எந்தப் பெண்ணின் கர்ப்பப்பையும் அதை அறியும்.

இரண்டாவது, யார் எங்கே வாழலாம் என்பதைச் சட்டம் போட்டுத் தீர்மானித்தது. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக் கடன் நிறுவனம் நகரங்களுக்கு வரைபடம் தயாரித்து, கறுப்பினத்தவர் வாழ்ந்த தெருக்களைச் சிவப்பில் அடைத்தது. அங்கே கடன் கொடுத்தால் ஆபத்து என்று அர்த்தம். 1968இல் வீட்டுவசதிச் சட்டம் வரும்வரை இதெல்லாம் சட்டப்படியே நடந்தது. வீடு வாங்க முடியாதவர்களுக்குச் சொத்து சேரவில்லை. 2022 கணக்கில் ஒரு சராசரி வெள்ளைக் குடும்பத்தின் சொத்து, சராசரிக் கறுப்பினக் குடும்பத்தின் சொத்தைப் போல ஆறு மடங்குக்கும் மேல். அந்தச் சிவப்புத் தெருக்களின் பக்கத்தில்தான் நெடுஞ்சாலைகளும் தொழிற்சாலைகளும் வந்தன. மரங்கள் வரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்ட நகரங்களை அளந்து பார்த்தபோது, பழைய சிவப்புப் பகுதிகள் இன்றும் மற்ற பகுதிகளைவிடச் சராசரியாக 2.6 டிகிரி செல்சியஸ் சூடு. கலிஃபோர்னிய நகரங்களில் அந்தப் பகுதிகளிலிருந்து ஆஸ்துமாவுக்காக அவசர சிகிச்சைக்கு ஓடி வருவோர் இரண்டு மடங்குக்கும் மேல்.

செக்கப்புக்கு வருவதில்லை என்ற குற்றச்சாட்டையும் இங்கேதான் பார்க்க வேண்டும். ஜார்ஜியாவின் 159 கவுண்டிகளில் (நம் ஊர் மாவட்டம் போன்றவை) பலவற்றில் பிரசவம் பார்க்கும் மருத்துவமனையே இல்லை. மணிக்கணக்கில் கார் ஓட்டி வர வேண்டும், ஒரு நாள் கூலி போகும், சம்பளத்தோடு விடுப்பு தர வேண்டும் என்று நாடு முழுமைக்குமான சட்டமும் கிடையாது. அமெரிக்காவில் பத்தில் நான்கு பிரசவங்களுக்கு மெடிக்கெய்ட் என்ற, வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடுதான் பணம் கட்டுகிறது. முன்பு அது பிரசவமாகி அறுபது நாளோடு பலருக்கு நின்றுவிடும். ஆபத்தான காலம் ஒரு வருடம், காப்பீடு இரண்டு மாதம்! ஜார்ஜியாவில் 2022இல்தான் அதை ஒரு வருடமாக்கினார்கள். வராத பெண்ணை "ஏன் வரவில்லை" என்று குற்றம் சாட்டும் குரலில் கேட்காமல், "எதில் வந்தீர்கள், எவ்வளவு நேரமாயிற்று" என்று கேட்டுப் பாருங்கள்.

எந்த மருத்துவமனை என்பதும் முக்கியம். அமெரிக்காவின் கால்வாசி மருத்துவமனைகளில்தான் கறுப்பினப் பெண்களின் முக்கால்வாசிப் பிரசவங்கள் நடக்கின்றன. வெள்ளைப் பெண்களின் பிரசவங்களில் ஐந்தில் ஒரு பங்குகூட அங்கே நடப்பதில்லை. அந்த மருத்துவமனைகளில் சிக்கல்களும் அதிகம், அங்கே போகும் வெள்ளைப் பெண்களுக்கும் சேர்த்தே. நர்ஸ் குறைவு, பணம் குறைவு, அவசரத்துக்கு ரத்தம் வரத் தாமதம், எல்லாம் அதில் அடங்கும்.

உங்கள் கணவர் சொல்வதை நான் பல தமிழ் வீடுகளில் கேட்டிருக்கிறேன். அதை மரியாதையோடுதான் மறுக்க விரும்புகிறேன். நாம் ஒன்றுமில்லாமல் வரவில்லை. 1965இல் மாறிய குடியேற்றச் சட்டம் டாக்டரை, நர்ஸை, என்ஜினீயரைப் பார்த்துப் பொறுக்கி எடுத்துக் கூப்பிட்டது. நாம் கொண்டுவந்த பட்டம் பெரிய சொத்து. உங்களுடைய பட்டத்தில் தமிழ்நாட்டு மக்களின் வரிப்பணமும் இருக்கிறது. அந்தச் சட்டம் வருவதற்கு முந்தைய வருடம் வந்ததுதான் இனப் பாகுபாட்டைத் தடை செய்த சிவில் உரிமைகள் சட்டம். அதற்காகக் கறுப்பின மக்கள் அடி வாங்கினார்கள், சிறை போனார்கள், உயிர் விட்டார்கள். இனம் பார்த்து ஆள் எடுக்கும் குடியேற்றமும் அந்தப் போராட்ட அலையில்தான் ஒழிந்தது. ஆசியர்களின் பேறுகால இறப்பு 2023 கணக்கில் 10.7 என்று குறைவாக இருப்பதற்கு இந்தப் பொறுக்கலும் ஒரு காரணம். சாதி என்ன செய்யும் என்று பார்த்து வளர்ந்த நமக்கு, ஊருக்கு வெளியே ஒதுக்கிய தெருவில் குழந்தைகள் ஏன் அதிகம் சாகின்றன என்பது புரியாத விஷயமா? அங்கே யாரும் மரபணுவைச் சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

இது தீராத பிரச்சினை என்று நினைத்துவிடாதீர்கள். காரணத்தைத் தொட்டபோதெல்லாம் இறப்பு குறைந்திருக்கிறது. 1960களின் நடுவில் தெற்கு மாநில மருத்துவமனைகள் பலவற்றில் கறுப்பினத்தவருக்கு இடமே கிடையாது, இல்லாவிட்டால் தனி வார்டு. 1966இல் முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் வந்தபோது, இனம் பிரிக்கும் மருத்துவமனைக்கு ஒரு டாலரும் கிடையாது என்று அரசு உறுதியாக நின்றது. சில மாதங்களிலேயே ஆயிரம் மருத்துவமனைகள் கதவைத் திறந்தன. மிசிசிப்பியில் வயிற்றுப்போக்கிலும் நிமோனியாவிலும் செத்துக்கொண்டிருந்த கறுப்பினக் குழந்தைகளின் இறப்பு மளமளவென்று இறங்கியது. மருந்து புதிதில்லை. கதவு திறந்தது, அவ்வளவுதான்.

கலிஃபோர்னியா 2006இல் பேறுகாலத் தர மேம்பாட்டுக்கு ஒரு கூட்டமைப்பை உருவாக்கியது. தேவையானதையெல்லாம் முன்பே அடுக்கி வைத்த தள்ளுவண்டியோடு ரத்தப்போக்கை எதிர்கொள்வது, ரத்தத்தைக் கண்ணால் மதிப்பிடாமல் எடை போட்டுப் பார்ப்பது, பிரஷருக்கு நேரம் குறித்து மருந்து கொடுப்பது, இப்படி எல்லோருக்கும் ஒரே ஒழுங்கைக் கொண்டுவந்தார்கள். 2006இல் 16.9 ஆக இருந்த பேறுகால இறப்பு 2013இல் 7.3 ஆனது. ரத்தப்போக்கில் வரும் கடும் சிக்கல்களில் கறுப்பின, வெள்ளைப் பெண்களுக்கு இடையே இருந்த வித்தியாசமும் சுருங்கியது. ஏனென்றால் தராசுக்கு நோயாளியின் நிறம் தெரியாது. ஆனால் ஒட்டுமொத்த இறப்பில் மடங்கு வித்தியாசம் அப்படியே நின்றது. வார்டுக்குள் செய்வது அவசியம், அதனால் மட்டும் முடியாது என்பதற்கு அதுவே சாட்சி. வீட்டுக் கடன், காப்பீடு, கிராமத்து மருத்துவமனை, இவற்றை வோட்டுப் போடுகிறவர்களும் சட்டம் செய்கிறவர்களும்தான் மாற்ற வேண்டும்.

அப்புறம், நீங்கள் என்ன செய்யலாம்? நீங்கள் நினைப்பதைவிட நிறைய.

மூத்த நர்ஸோடு இனவெறி பற்றி வாதம் செய்ய வேண்டியதில்லை. எண்ணையும் விதியையும் பேசுங்கள். "168/112, நேரம் இத்தனை, மறுபடி பார்த்தேன், குறையவில்லை, மருந்து வேண்டும்." அமெரிக்க மருத்துவமனைகளுக்கு அங்கீகாரம் தரும் கூட்டு ஆணையம், பிரசவ ரத்தப்போக்குக்கும் கடும் ரத்தக்கொதிப்புக்கும் எழுதி வைத்த நடைமுறை இருக்க வேண்டும் என்று 2021 முதல் கட்டாயமாக்கியிருக்கிறது. அது உங்கள் மருத்துவமனையிலும் இருக்கும். தேடி எடுத்துப் படியுங்கள், ஷிஃப்டில் கையோடு வைத்திருங்கள். டாக்டர் வரவில்லை, சொன்னதைக் கேட்கவில்லை என்றால் அடுத்து யாரிடம் போவது என்ற வரிசையும் அதே விதிப் புத்தகத்தில் இருக்கும். விசாவில் இருக்கும் ஒருவருக்கு அந்த எழுத்துதான் பாதுகாப்பு. நீங்கள் யார் மேலும் புகார் சொல்லவில்லை, மருத்துவமனை கேட்டதைச் செய்கிறீர்கள்.

நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே, நேரத்தோடு, சார்ட்டில் எழுதுங்கள். "தலைவலி என்கிறார்" என்று மட்டும் எழுதினால் போதாது. "இதுவரை இப்படி வந்ததே இல்லை, கண் மங்கலாகத் தெரிகிறது" என்று அவர் சொன்னால் அதையே எழுதுங்கள். அடுத்து படிக்கும் டாக்டரால் அதைத் தாண்டிப் போக முடியாது.

அன்று நடந்ததைச் சம்பவ அறிக்கையாகப் பதிவு செய்தீர்களா? பல மருத்துவமனைகளில் பெயர் சொல்லாமலும் போடலாம். ஆள் மேல் பழி போட அல்ல. தலைவலி சொன்ன நேரத்துக்கும் பிரஷர் பார்த்த நேரத்துக்கும் இடையில் எத்தனை மணி ஓடியது என்பது அதில் இருக்க வேண்டும். மதுரையில் வேலை பார்த்தபோது ஒவ்வொரு தாயின் இறப்பையும் தணிக்கைக் கூட்டத்தில் மணிவாரியாகப் பிரித்துப் பேசுவதை நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். தமிழ்நாட்டில் அது 1990களிலேயே தொடங்கியது, அங்கே இறப்பு குறைந்ததில் அதற்குப் பங்கு உண்டு. உங்கள் வார்டிலும் உயிர் பிழைத்த, ஆனால் கைவிட்டுப் போகவிருந்த தாய்மார்களின் கதைகளை இனவாரியாகப் பிரித்துப் பாருங்கள் என்று தர மேம்பாட்டுக் குழுவிடம் கேளுங்கள். கேட்க நர்ஸுக்கு முழுத் தகுதி உண்டு.

கர்ப்பகால வார்டில் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால், பிரஷர் அபாயம் உள்ளவர்களுக்குப் பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகு 81 மில்லிகிராம் ஆஸ்பிரின் பேசப்படுகிறதா என்று கேளுங்கள். 2021இல் வந்த அமெரிக்கத் தடுப்பு மருத்துவக் குழுவின் பரிந்துரை, கறுப்பினத்தவர் என்பதையும் அபாயப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதோடு, காரணம் உடல்கூறு அல்ல, சமூக நிலைமை என்று வெளிப்படையாகச் சொல்லியும் இருக்கிறது. மரபணு பேசும் உங்கள் சக ஊழியர்களுக்குக் காட்ட இதைவிட நல்ல தாள் இல்லை.

கடைசியாக, அந்தத் தாயைப் பற்றி ஒரு வேலை பாக்கி இருக்கிறது. கடும் ரத்தக்கொதிப்போடு வீடு போனவருக்கு 72 மணி நேரத்துக்குள் மறுபடி பிரஷர் பார்த்திருக்க வேண்டும். பார்த்தார்களா, வீட்டில் பிரஷர் கருவி இருக்கிறதா, காப்பீடு எவ்வளவு நாள் இருக்கிறது என்று அவருக்குத் தெரியுமா, இதையெல்லாம் டிஸ்சார்ஜ் பார்க்கும் நர்ஸிடமோ சமூகப் பணியாளரிடமோ விசாரியுங்கள். தொடர் அழைப்பு செய்யும் முறை உங்கள் வார்டில் இருந்தால், அந்தப் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று இந்த வாரமே பாருங்கள். இல்லாவிட்டால் சேர்க்கச் சொல்லுங்கள்.